மேற்குக் கிளையின் கடைசிக் கோடு

"படத்துல என்ன குறைன்னு வாயைத் திறந்து சொல்லுங்கம்மா. ரெண்டு தடவை திருப்பிக் குடுத்துட்டீங்க" என்றார் ஏகாம்பரம்.

அவருக்கு வயது அறுபத்தொன்று. முப்பத்து மூன்று வருஷம் அரசாங்க சர்வேயராக ஊர் ஊராகக் காடு கழனி அளந்தவர். ஓய்வு பெற்றதும் மலையில் குகைகளை அளந்து படம் வரையும் தன்னார்வக் குழுவில் சேர்ந்துகொண்டார்.

குழுவுக்குத் தலைவி மாதேஸ்வரி. வார நாட்களில் மலைச் சுகாதார நிலையத்தில் நர்ஸ், ஞாயிற்றுக்கிழமையானால் குகை. குழுவில் எல்லோருக்கும் அவள் அக்கா. தன் மகள் வயதுப் பெண்ணை அப்படிக் கூப்பிட ஏகாம்பரத்துக்கு வாய் வரவில்லை, அம்மா என்று வைத்துக்கொண்டார்.

ஈரக்கல் குகையை நான்கு மாதமாக அளந்து அவர் வரைந்த படம் அது. மாதேஸ்வரி கையெழுத்துப் போட்டுவிட்டால் படத்தின் அடியில் அவர் பெயர் வரும். சர்வீஸில் ஆயிரக்கணக்கில் வரைந்திருக்கிறார், ஒன்றையாவது யாரும் ஏகாம்பரத்தின் படம் என்று சொன்னதில்லை. அப்படி ஒரு தடவை கேட்டுவிடும் ஆசை அவருக்கு நிறையவே இருந்தது.

அடுத்த வாரம் மழை பிடித்தால் குகைக்குள் தண்ணீர் ஏறிவிடும். பிறகு தை மாதம்தான். தைக்குள் அவருடைய முட்டிவலி என்ன சொல்லுமோ, யார் கண்டது.

திருப்பிக் கொடுத்தபோதெல்லாம் மாதேஸ்வரி ஒரே இடத்தில் சுண்டுவிரலை வைத்தாள், அவ்வளவுதான். முதல் தடவை, மை பரவிவிட்டது போல என்று கோட்டை மெல்லிசாக மாற்றி வரைந்தார். இரண்டாம் தடவை, குகைக்குள் போய் முன்பு அளந்ததையெல்லாம் மறுபடி அளந்தார். ஒரு அங்குலம்கூடத் தப்பவில்லை.

இப்போதும் விரல் அங்கேயேதான் இறங்கியது. மேற்குக் கிளை முடிகிற இடம்.

"இந்தச் சுவரை எந்தக் கையால தொட்டீங்க சார்?"

ஏகாம்பரம் தன் இரண்டு கைகளையும் பார்த்தார்.

"தொடலைம்மா. அங்க பொந்து மாதிரி குறுகிடுது. வயிறு மாட்டிக்கிச்சு. லைட் அடிச்சா ஒரு வளைவு வரைக்கும்தான் தெரிஞ்சுது."

"அப்போ இந்தக் கோடு?"

"கோடு சேராம விட்டா அது படமாம்மா? எங்க ஆபீஸ்ல எல்லை மூடலைன்னா மெமோ குடுப்பாங்க."

அவள் எழுந்தாள். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஏகாம்பரமும் படத்தைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். நாலு முழத்துக்காக நாலு மாத உழைப்பை நிறுத்துவது நியாயமா என்று வழியெல்லாம் புலம்பினார். குனிந்தும் தவழ்ந்தும் அந்தப் பொந்துக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆனது.

"கையை உள்ள நீட்டுங்க சார்."

நீட்டினார்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் வேர்த்திருந்த உள்ளங்கை குளிர்ந்தது. கையை இழுத்து பேண்டில் துடைத்துவிட்டு மறுபடி நீட்டினார். மறுபடியும் குளிர்ந்தது.

"காத்து வருதும்மா."

"ம்."

"எங்கிருந்து வருது?"

"படத்துல இங்க சுவர் கட்டினவர் நீங்க. என்னைக் கேட்டா?"

அவருக்குச் சுருக்கென்றது. கோபம் அவள்மேல் இல்லை, முப்பத்து மூன்று வருஷம் கோடு போட்ட தன் கைமேல்தான்.

குழுவின் வழக்கம் அவருக்குத் தெரியும். போகாத இடத்தில் கேள்விக்குறிதான் போட வேண்டும். கேள்விக்குறி நிற்கும் படம் முடியாத படம், அதன் அடியில் யார் பெயரும் வராது. பிறகு ஒருநாள் முடிக்கிறவர் பெயர்தான் வரும்.

அங்கேயே உட்கார்ந்து படத்தைத் தொடைமேல் விரித்தார். பையில் இருந்த ரப்பரால் தேய்த்தார். மை லேசில் போகவில்லை. தாள் நைந்து போகும்வரை தேய்த்தார். அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

மாதேஸ்வரி எழுந்து புறப்படத் தயாரானாள்.

ஏகாம்பரம் எழுந்திருக்கவில்லை. கை மறுபடியும் பொந்துக்குள் இருந்தது.

"ஏம்மா, நம்ம குழுவுலயே ரொம்ப ஒல்லி யாரு?" என்று கேட்டார்.