சாம்பலை மூடிய நண்டுகள்

நண்டும் நாரையும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கடலோரச் சதுப்பில் சிப்பி பொறுக்கிப் பிழைத்து வந்தாள் ஆழிச்சி. அவளுக்கு ஒரே மகள், செம்பி. எட்டு வயது.

ஒருநாள் காலை கடலுக்கு அப்பால் இருந்த நெருப்பு மலை வெடித்தது. உச்சிப் பொழுதுக்குள் வானம் இருண்டு, சாம்பல் கொட்டத் தொடங்கியது. ஊரே படகுகளுக்கு ஓடியது. ஆழிச்சியும் கூடையைப் போட்டுவிட்டு, "செம்பி, என் பின்னாலேயே வாடி!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். கரையேறித் திரும்பிப் பார்த்தபோது பின்னால் யாரும் இல்லை. மறுபடி சதுப்புக்குள் இறங்கப் போனவளை ஊர்க்காரர்கள் பிடித்திழுத்துப் படகில் போட்டுக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் நாள் மழை பெய்து, சாம்பல் ஓய்ந்தது. ஆழிச்சி தனியே துடுப்பு வலித்துத் திரும்பி வந்தாள். சதுப்பு முழுவதும் முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் மூடி வெளுத்துக் கிடந்தது. நடுவில் ஒரு நண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"இங்கதான் இருக்கா," என்றது.

அவள் வெறுங்கையால் தோண்டினாள். செம்பி குப்புறக் கிடந்தாள். வலது கை தோள்வரை ஒரு நண்டு வளைக்குள் இருந்தது.

"என் வளை அடைச்சுப்போச்சு. குஞ்சுங்க உள்ளே மாட்டிக்கிச்சு. நான்தான் கூப்பிட்டேன்," என்றது நண்டு. "எல்லாத்தையும் வெளியே எடுத்துக் கொடுத்தா. அதுக்குள்ளே அவளுக்கு மூச்சு நின்னுபோச்சு."

ஆழிச்சி அதை மிதிக்கக் காலைத் தூக்கினாள். நண்டு ஓடவில்லை. தூக்கிய காலை அதன் பக்கத்தில் ஊன்றினாள். அப்படியே மகளின் அருகில் சரிந்து உட்கார்ந்தாள்.

"நானும்தான் திரும்பிப் பார்க்காம ஓடினேன்," என்றாள்.

பிள்ளையைத் தூக்கப் பார்த்தாள். மழையில் இறுகிய சாம்பல் கையை விடவில்லை. அதற்குள் கடல்நீர் சதுப்புக்குள் ஏறத் தொடங்கிவிட்டது.

"தண்ணி எல்லாத்தையும் அரிச்சுக்கிட்டுப் போயிடும்," என்றது நண்டு.

"போகக் கூடாது. என் பிள்ளை இங்கேயே இருக்கட்டும். மூடு!"

நண்டு தன் இனத்தையே கூப்பிட்டது. ஆயிரமாயிரம் நண்டுகள் அடியிலிருந்து சேற்றை அள்ளிவந்து சாம்பல்மேல் கொட்டின. ஆழிச்சியும் இரு கையாலும் அள்ளிப் போட்டாள். ஏறிவந்த நீர் சேற்றை நக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

அன்றைக்குத் தொடங்கிய வேலையைத்தான் நண்டுகள் இன்னும் விடவில்லை. நீர் வற்றியதும் சேற்றை உருட்டி மேலே கொண்டுவந்து போடுகின்றன. அந்தச் சதுப்பில் எங்கே வெட்டினாலும், கறுத்த சேற்றுக்கு நடுவே வெள்ளைச் சாம்பல் கலையாமல் கிடக்கிறது.