நடுவில் விழுந்த கோடு

கோவை கணபதியில், சிறு பட்டறைகள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு சந்தில் அமுதவல்லியின் பட்டறை இருந்தது. நான்கு மெஷின்கள். ஆர்டர்கள் எல்லாம் இணையத்தில் ஒரு தளத்தின் வழியாக வரும். யாரோ எங்கிருந்தோ ஒரு வரைபடத்தை ஏற்றுவார். செய்யத் தெரிந்த பட்டறைகள் விலை சொல்லும். ஏதாவது ஒரு பட்டறைக்கு அந்த வேலை கிடைக்கும். கேட்டவரின் முகம் தெரியாது. பல நேரம் பெயரும் தெரியாது.

அமுதவல்லிக்கு முப்பத்து மூன்று வயது. அவரிடம் தொழில் கற்க வந்த குழந்தைவேலுக்கு ஐம்பத்தொன்று. ஒரு பம்பு கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் கிரைண்டிங் செய்தவர். இரும்பு அவருக்குத் தெரியும். முகம் தெரியாத வாடிக்கையாளர்கள்தான் புதிது.

ஒரு நாள் காலை அமுதவல்லி ஓர் ஆர்டரை மறுத்தார். ஒரு சாவியின் போட்டோவை மட்டும் அனுப்பி, அதேபோல ஒன்று செய்துதரச் சொன்ன ஆர்டர்.

குழந்தைவேலுக்கு மனசு ஆறவில்லை.

"ஏனுங்க அம்மணி, அந்த ஆள் திருடன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுங்ணா."

"பின்னே?"

"பூட்டு எங்க இருக்குன்னு கேட்டேன். பதில் வரல."

"அவன் வீட்டுக் கதவுல இருக்கும். ஆர்டர் குடுக்கறவங்ககிட்ட எல்லாம் ஜாதகம் கேட்டுட்டிருந்தா, மெஷினைத் துடைச்சு வெச்சு பொட்டு வெக்க வேண்டியதுதான். இந்த மாசம் மட்டும் இது நாலாவது."

அமுதவல்லி சிரித்தார்.

"சிரிக்காதீங்க. எது சந்தேகப்பட வேண்டிய ஆர்டர்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதைச் சொல்லிக் குடுங்க, கத்துக்கறேன்."

"நீங்க செஞ்சதுல சந்தேகமே வராத ஆர்டர் ஒண்ணைக் கொண்டாங்க."

குழந்தைவேல் யோசிக்கவே இல்லை. பேக்கிங் மேஜைக்குப் போய் ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து வந்தார். உள்ளே எண்ணெய்த் தாளில் சுற்றிய மூன்று துண்டுகள். மேலிருந்து அழுத்த ஒரு பஞ்ச், கீழிருந்து அழுத்த ஒரு பஞ்ச், நடுவில் மிட்டாய் அளவுக் குழியோடு ஒரு டை. நீளவாட்டில் ஒரு சின்ன மிட்டாயை அடிக்கும் அச்சு.

"பெப்பர்மிண்ட் அச்சுங்க. முதல் செட் போன மாசம் போச்சு. அஞ்சு ஸ்டார் குடுத்தாங்க. அதே ஆள் ரெண்டாவது செட் கேட்டிருக்காங்க. இன்னைக்கு நாலு மணி கூரியருக்குப் போகுது."

அமுதவல்லி மேல் பஞ்சை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ்.

"இந்த வேலைக்கு அவங்ககிட்ட என்ன கேட்டீங்க?"

"ஒன்பது கேள்வி கேட்டேனுங்க. எல்லாம் அந்த மெசேஜ்ல இருக்கு. எந்த ஸ்டீல், எவ்வளவு ஹார்ட்னஸ், பாலிஷ் எப்படி, எழுத்து எவ்வளவு ஆழம்." அவர் கொஞ்சம் நிமிர்ந்து நின்றார். "அவங்க வரைபடத்துல ஒரு தப்புகூட இருந்துது. நடுவுல வர்ற கோடு கால் மில்லி தள்ளியிருந்துது. உடைச்சா ரெண்டு பாதியும் சமமா வராதே? நானே சொன்னேன். சரி, நடுவுல போட்டுக்குங்கன்னாங்க. முதல் செட்லயே திருத்திக் குடுத்தேன்."

"என்ன எழுத்து?"

"மிட்டாய்க்காரர் கடைப் பேரா இருக்கும். பஞ்ச்ல எல்லாம் தலைகீழாத்தானே இருக்கும், வலது இடமா? நான் எழுத்தைப் படிக்கறதில்லைங்க. ஆழத்தைத்தான் பார்ப்பேன்."

அமுதவல்லி எழுந்து கை கழுவும் இடத்துக்குப் போனார். அங்கே இருந்த நீல சோப்பை எடுத்து வந்தார். ஈரமான பக்கத்தை மேலே வைத்து, பஞ்சைக் கட்டைவிரலால் அழுத்தினார். எடுத்தார்.

"படிங்ணா."

குழந்தைவேல் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சோப்பில் மூன்று ஆங்கில எழுத்துகள் நேராகப் பதிந்திருந்தன. அதன் கீழே கோடு. கோட்டுக்குக் கீழே ஓர் எண்.

அவர் படித்தார். மறுபடி படித்தார். அவருடைய கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.

சட்டைப்பையில் எப்போதும் ஒரு மாத்திரை அட்டை இருக்கும். அவருடைய மகள் மோனிஷாவுக்கு வலிப்பு நோய். கல்லூரியில் படிக்கிறாள். மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகு மூன்று வருடமாக வலிப்பு வரவில்லை. ஒருவேளை அவள் மறந்துவிட்டால் இருக்கட்டும் என்று அவர் ஓர் அட்டையைத் தன்னிடம் வைத்திருப்பார்.

அட்டையைக் கிழித்து ஒரு மாத்திரையை உள்ளங்கையில் போட்டார். அதே மூன்று எழுத்துகள். அதே எண்.

"அம்மணி," என்றார்.

மாத்திரையை டையின் குழிக்குள் விட்டார். இறங்கி உட்கார்ந்தது. விரலால் தட்டிப் பார்த்தார். ஆடவில்லை. அவர் கையால் தேய்த்த குழி அது. அவ்வளவு துல்லியமாக இருந்தது.

அமுதவல்லி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். மெசேஜ்களைத் திறந்து மேலிருந்து கீழே படித்தார். கடைசியில் பரிசோதனைச் சீட்டு. அதில், 'சரிபார்த்தேன்' என்ற இடத்தில் இருந்தது அமுதவல்லியின் கையெழுத்து.

"உங்களுக்கு முன்னமே தெரியுமுங்களா?" என்று கேட்டார் குழந்தைவேல்.

"தெரியாதுங்ணா. சும்மா அழுத்திப் பார்க்கலாம்னுதான் அழுத்தினேன்." அமுதவல்லி பஞ்சைக் கீழே வைத்தார். "முதல் செட்டையும் இப்படி அழுத்திப் பார்த்திருக்கணும். நானும் அளவை மட்டும்தான் பார்த்தேன்."

"மாத்திரைக் கம்பெனியே கேட்டிருக்கலாமுங்களே?"

"பெப்பர்மிண்ட்டுன்னு சொல்லியா?"

குழந்தைவேல் தலையைக் குனிந்துகொண்டார்.

"கேட்டுப் பாருங்ணா. உங்க பத்தாவது கேள்வி."

குழந்தைவேல் ஒரு விரலால் தட்டினார். 'இந்த மிட்டாய் எந்தக் கடையில் கிடைக்கும்?' அவ்வளவுதான். அனுப்பினார்.

பார்த்துவிட்டார்கள் என்ற குறி உடனே வந்தது. பதில் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் வாடிக்கையாளரின் பெயர் சாம்பல் நிறமானது. கணக்கு மூடப்பட்டது என்று ஒரு வரி அதன் கீழே வந்தது. ஐந்து ஸ்டாரும் காணாமல் போனது.

முதல் செட் போன முகவரியைப் பார்த்தார்கள். ஏதோ ஒரு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு செல்போன் கடை. அங்கே போன் செய்தார் அமுதவல்லி. பார்சல் யார் யாரோ வந்து வாங்கிப் போவார்கள், ஞாபகம் இல்லை என்றார்கள்.

அமுதவல்லி தளத்துக்கும் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் புகார் எழுத உட்கார்ந்தார்.

"அவங்க கேப்பாங்க," என்றார். "உங்க அச்சுல அடிச்ச போலி மாத்திரையை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கறதுன்னு. என்ன எழுதட்டும்?"

குழந்தைவேல் டையில் கிடந்த மாத்திரையை எடுத்து, சோப்பில் இருந்த பதிவுக்குப் பக்கத்தில் வைத்தார். உற்றுப் பார்த்தார். பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து மறுபடி பார்த்தார்.

மாத்திரையில் கோடு, வாடிக்கையாளர் அனுப்பிய வரைபடத்தில் இருந்தது போலவே, கால் மில்லி தள்ளி இருந்தது.

சோப்பில் கோடு சரியாக நடுவில் இருந்தது.

"எழுதுங்க," என்றார். "கம்பெனி மாத்திரையில கோடு ஒரு பக்கமா இருக்கும். கோடு சரியா நடுவுல இருந்தா, அது நான் செஞ்ச அச்சு."

"நாம செஞ்ச அச்சு," என்று அமுதவல்லி எழுதினார்.

இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கடிதம் போனது. மூன்று துண்டுகளையும் அமுதவல்லி பீரோவில் வைத்துப் பூட்டினார். அதிகாரிகள் கேட்டால் கொடுக்க வேண்டும். நாலு மணிக்குக் கூரியர்காரர் வந்தார். ஒன்றும் இல்லை என்று அனுப்பினார்கள்.

அதற்குள் குழந்தைவேல் வீட்டுக்குப் போன் செய்திருந்தார்.

"மோனிஷா மாத்திரை எப்ப வாங்கினது?"

"நேத்துத்தான் புதுசு வாங்கினேன்," என்றார் மனைவி. "எப்பவும் வாங்கற கடையில ஸ்டாக் இல்லைன்னாங்க. பக்கத்துல வாங்கினேன். ஏனுங்க?"

"ஒண்ணுமில்ல. நான் வர்ற வரைக்கும் அந்த அட்டையைத் தொடாதீங்க."

வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அரைமணி நேரத்தில் திரும்பி வந்தார். சட்டை நனைந்திருந்தது. புது அட்டையை மேஜை மேல் வைத்தார். பத்து மாத்திரை. உடைத்து எடுக்க விரல் வரவில்லை. அமுதவல்லி எடுத்துக் கொடுத்தார்.

முதல் மாத்திரையைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு அளந்தார். கோடு தள்ளி இருந்தது.

இரண்டாவது. தள்ளி இருந்தது.

பத்தையும் அளந்தார். இருபத்திரண்டு வருடத்தில் எந்த இரும்பையும் அவர் அப்படி அளந்ததில்லை. பத்திலும் கோடு தள்ளியே இருந்தது.

குழந்தைவேல் ஸ்டூலில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார்.

"தப்பிச்சோமுங்க அம்மணி."

அமுதவல்லி மேஜை மேல் கிடந்த பத்து மாத்திரைகளைப் பார்த்தார்.

"தப்பிச்சது யாருங்ணா? முதல் செட் அவங்ககிட்டத்தான இருக்கு?" என்று கேட்டார்.

குழந்தைவேல் சிரிப்பதை நிறுத்தினார்.