கசிகிற சுவர்

வடக்கே, பாதி வருஷம் மண்ணே உறைந்து கிடக்கும் ஒரு மலைச்சரிவில் சின்ன மடம் ஒன்று இருந்தது. அதன் குரு உமையாள் அம்மா. சீடர்களில் மூத்தவர் செவந்தியப்பன். குருவைவிடவும் வயதில் மூத்தவர். தென்காசியில் ஜவுளிக்கடை வைத்திருந்த மனிதர். எதையும் துணியைப் போல மடித்து அலமாரியில் வைத்துவிடலாம் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. மனைவி ஆவுடையின் நினைப்பையும் அப்படி மடித்து வைத்துவிட்டுத்தான் மலையேறினார்.

அது ஒருநாளும் மடித்தபடி இருந்ததில்லை. தியானத்தில் உட்கார்ந்தால் அவள் தாளிக்கிற வாசனை வரும். சாப்பிட உட்கார்ந்தால் அவள் குரல் வரும். ஏங்கி ஏங்கி மனிதர் பாதியாகிப் போனார். துறவிக்கு இது கேவலம் என்று யாரிடமும் வாய் திறக்கவில்லை.

ஐப்பசியில், மடத்துக்கு வந்த தென்காசிக்காரர் ஒருவர் சேதி சொன்னார். பனி விலகியதும் யாத்திரைக் கூட்டத்தோடு ஆவுடையும் வருகிறாளாம்.

செவந்தியப்பன் நேரே குருவிடம் போனார்.

“அம்மா, அவ வாராளாம்.”

“வரட்டுமே.”

“அவளப் பாத்தா நான் என்ன ஆவேன்னு எனக்கே தெரியல. அவ வந்துட்டுப் போற வரைக்கும் மேல குகையில இருந்துக்கிடட்டுமா?”

“அவங்களுக்கு முட்டிவலின்னு வந்த புதுசுல சொன்னீங்களே, அண்ணாச்சி. மொதல்ல வழி எப்படி இருக்குன்னு பாருங்க.”

இது சம்மதமா, மறுப்பா என்று அவருக்கு விளங்கவில்லை. வழியைப் பார்க்கப் போனார்.

மடத்துக்கு ஏறுவதற்குக் கல் பாவிய பாதை ஒன்றுதான் உண்டு. பாதித் தூரத்தில் ஒரு திருப்பம். மேலேயிருக்கும் மண் சரிந்து பாதையில் விழாதபடி அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு தடுப்புச் சுவர். கல்லும் சாந்தும் வைத்துக் கட்டியது. கட்டினவர்கள் அடிவரிசையில் அங்கங்கே கை நுழைகிற அளவுக்கு ஓட்டை விட்டிருந்தார்கள். அதன் வழியாக மலைத்தண்ணீர் கசிந்து பாதையில் பரவி, விடியற்காலையில் உறைந்து கிடக்கும். செவந்தியப்பனே அங்கே ஒருமுறை சறுக்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஆவுடை இங்கே விழுந்துவைத்தால்? அன்றைக்கே வேலையில் இறங்கினார். யாரையும் கேட்கவில்லை. சிமெண்டைக் குழைத்து, சில்லுக்கல்லைத் திணித்து, எல்லா ஓட்டைகளையும் அடைத்தார். பாதை காய்ந்தது. மனிதருக்கு ஒரே பெருமை.

அந்தச் சூட்டோடு தன் மனதையும் அடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். அவள் வந்தால் எல்லோருக்கும் போடுகிற கும்பிடு ஒன்று. ‘சௌக்கியமா’ என்று ஒரு வார்த்தை. அதற்கு மேல் கிடையாது. அந்த ஒரு வார்த்தையை, முகம் மாறாமல், சுவரைப் பார்த்துச் சொல்லிப் பழகினார்.

குளிர்காலம் வந்தது. பாதை பனிக்கு அடியில் போயிற்று. பனி விலகி, பார்க்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். சுவருக்குத் தொந்தி விழுந்திருந்தது. நடுவில் விரிசல். கீழே பாவிய கற்களில் சில தூக்கிக்கொண்டு நின்றன.

குரு வந்து பார்த்தார். கோபப்படவில்லை.

“ஓட்டையெல்லாம் எங்க, அண்ணாச்சி?”

“அடைச்சுட்டேம்மா. வழி காயட்டும்னு.”

“தண்ணி எங்க போச்சு?”

“நின்னு போச்சுன்னு நெனச்சேன்.”

“கைய வச்சுப் பாருங்க.”

வைத்தார். எலும்பு வரைக்கும் குளிர்ந்தது. கல்லுக்குப் பின்னால் உறைந்து நின்ற தண்ணீர் இளகத் தொடங்கியிருந்தது. உள்ளே ‘க்ரக்’ என்று சின்னதாக ஒரு சத்தம். கையை எடுத்துக்கொண்டார்.

“இது விழுந்துட்டா?”

“பாதை அடைபட்டுரும். வர்றவங்க அடிவாரத்தோட திரும்பிருவாங்க.”

அவ்வளவுதான். குகையில் போய் ஒளிந்துகொள்ளப் பார்த்த மனிதர் தலையில் துண்டைக் கட்டினார், கடப்பாரையை எடுத்தார். ஆவுடை இவ்வளவு தூரம் வந்து, இவர் முகத்தைப் பார்க்காமல் திரும்புவதா? அதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

குருவும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார். மற்றச் சீடர்களும் கூடினார்கள். சுவரைப் பிரித்தார்கள். குளிர் எட்டாத ஆழத்துக்கு அடிமண்ணைத் தோண்டினார்கள். கல்லை மலைப்பக்கம் சற்றே சாய்த்து அடுக்கி, பின்னால் மண்ணுக்குப் பதிலாக, தண்ணீர் தங்காமல் வடிய உடைகல்லைக் கொட்டினார்கள். பாதைக்குக் குறுக்கே தண்ணீர் போகச் சின்னதாக ஒரு வாய்க்காலும் வெட்டினார்கள்.

“அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா?”

“கல்லக் குடுத்துட்டுக் கேளுங்க.”

கொடுத்தார்.

“இத்தன வருஷம் ஆச்சு. அவ நெனப்பு எப்பம்மா நிக்கும்?”

குரு கல்லை வைத்து, தட்டி, ஆட்டிப் பார்த்தார். அது ஆடவில்லை.

“பக்கத்துல ஒரு ஓட்டை விட்டு அடுத்த கல்ல வைங்க,” என்றார்.

செவந்தியப்பன் இடம் விட்டு வைத்தார். பதில் வரும் என்று காத்திருந்தார். குரு அடுத்த கல்லுக்குக் கை நீட்டினார்.

சுவர் எழும்பி முடிந்த மறுநாளே ஓட்டைகளில் தண்ணீர் எட்டிப் பார்த்தது. வந்ததில் முக்கால்வாசியை வாய்க்கால் வாங்கிக்கொண்டது. மிச்சம் பாதையில் பரவியது.

செவந்தியப்பன் துண்டால் அதைத் துடைத்தார். துடைத்த இடத்தில் மறுபடியும் ஈரம். பிழிந்துவிட்டு மறுபடியும் துடைத்தார். குரு சற்றுத் தள்ளி உட்கார்ந்து சாந்து ஒட்டிய கரணையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அப்போது அடிவாரத்தில் பேச்சுக்குரல் கேட்டது. கூட்டம் ஏறத் தொடங்கியிருந்தது. எல்லோருக்கும் பின்னால், நாலடி வைத்து நின்று, நாலடி வைத்து நின்று ஓர் உருவம். முகம் தெரியவில்லை. அவருக்குத் தெரிய வேண்டியதும் இல்லை. பழகி வைத்திருந்த ‘சௌக்கியமா’ எங்கேயோ போயிற்று. கண்ணில் நீர் முட்டியது. இத்தனை வருஷமும் இந்த நடையைத்தானே தேடிக்கொண்டிருந்தோம் என்று இருந்தது.

ஈரத்துண்டும் கையுமாகக் குருவிடம் திரும்பினார்.

“அம்மா, எவ்வளவு தொடச்சாலும் கசியத்தான் செய்யுது. முட்டிவலிக்காரி. இந்தத் திருப்பத்துல வழுக்கிருவாளே.”

உமையாள் அம்மா அவர் கையிலிருந்த துண்டை வாங்கிக்கொண்டார்.

“கீழ போய், கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வாங்க, அண்ணாச்சி.”