ஆடுகிற கட்டை

ஆவுடையப்பனுக்கு அறுபத்தோரு வயது. மின்கம்பம் ஏறியே தலை நரைத்து ஓய்வு பெற்றவர். அவர் குருவாக ஏற்றுக்கொண்ட உலகம்மாளுக்கோ முப்பத்தெட்டுதான். ஆனால் அவள் கடைந்த கால் வைத்த கட்டில் அந்த வட்டாரத்தில் வீட்டுக்கு ஒன்று கிடக்கும். வித்தை என்ன வயசு கேட்டா வருகிறது?

குடித்துத் திரிந்த மகன் குத்தாலத்துக்கு ஒரு தொழில் ஆகட்டும் என்றுதான் ஆவுடையப்பன் கட்டையைச் சுழலவிட்டு மரம் கடைகிற பட்டறை எந்திரம் ஒன்றைத் தானே செய்ய ஆரம்பித்தார். பழைய கிரைண்டர் மோட்டார், இரும்புச் சட்டம், கட்டையை இரண்டு பக்கமும் கவ்விக்கொள்ள இரண்டு கூர்முனை. பாதி வேலையிலேயே மகனோடு சண்டை வந்தது. "திருந்திட்டு வந்து இந்த வாசலை மிதி" என்று விரட்டிவிட்டார். அது மூன்றாவது தடவை. ஆளை விரட்டிவிட்டுப் பட்டறையை மட்டும் விடாமல் கட்டி முடித்தார், பாவி மனுஷன்.

கட்டி முடித்த பட்டறை ஆடியது. சதுரக் கட்டையை மாட்டி மோட்டாரைப் போட்டால் கொட்டகையே அதிர்ந்தது. அன்றைக்கு மத்தியானம் உலகம்மாளைக் கூட்டிவந்து காட்டினார்.

"எத்தனை தடவை பிரிச்சு மாட்டினீங்க, அண்ணாச்சி?"

"ஆறு தடவை தாயி. ஆடும், உடனே நிறுத்திருவேன். எல்லா போல்ட்டையும் முறுக்குவேன். போட்டா மறுபடி ஆடும். என் பட்டறையில என்ன கோளாறுன்னு நீங்கதான் சொல்லணும்."

சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவர் அழைப்பைத் துண்டித்துத் திரும்பவும் பைக்குள் போட்டார்.

"யாரு?"

"நம்ம பய குத்தாலம். தென்காசி பஸ் ஸ்டாண்டுல நிக்கான். ரெண்டு மாசமாக் குடிக்கலைன்னு அவங்கம்மாகிட்டச் சொல்லியிருக்கான். அஞ்சு மணி பஸ்ல ஏறட்டுமான்னு கேக்கான். காலையிலேருந்து அவ பச்சைத்தண்ணி குடிக்கல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. ஒவ்வொரு தடவை வந்தப்பவும் வீடு ரெண்டாச்சு. முழுசாத் திருந்தட்டும், அப்புறம் வரட்டும். நான் சொல்லுறது நியாயந்தானே?"

உலகம்மாள் மஞ்சணத்தி மரத்துச் சதுரக் கட்டை ஒன்றை எடுத்து இரண்டு முனைக்கும் நடுவில் மாட்டினாள். மெதுவாகச் சுற்றும்படி பெல்ட்டை மாற்றிப் போட்டாள். உளியைத் தாங்குகிற இரும்புப் பலகையைக் கட்டைக்கு ஒரு விரல் இடைவெளி விட்டு நகர்த்தி வைத்தாள். உளியை அவர் கையில் கொடுத்தாள்.

"கடைங்க" என்று மோட்டாரைப் போட்டாள்.

தடதடவென்று பட்டறை குலுங்கியது. அவர் கை சுவிட்சுக்குப் பாய்ந்தது. அதை முந்திக்கொண்டு அவள் கை சுவிட்சைப் பொத்தியிருந்தது.

"நிறுத்தாதீங்க."

"ஐயோ, ஆடுதே தாயி!"

"ஆடத்தான் செய்யும். உளியை விட்டுராதீங்க. போட்டு அழுத்தவும் வேண்டாம்."

ஒவ்வொரு சுற்றுக்கும் கட்டையின் மூலைகள் உளியில் மோதின. மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. சில்லுகள் பறந்து நெஞ்சில் அடித்தன. மனுஷனுக்கு உண்மையிலேயே பயம்தான். ஆனாலும் உளியை விடவில்லை.

கொஞ்ச நேரத்தில் மோதல் குறைந்தது. சில்லு தெறிப்பது போய், சீவல் சுருள் சுருளாக விழுந்தது. ஆவுடையப்பன் குனிந்து பார்த்தார். பட்டறை அசையவில்லை. ஒரு போல்ட்டைக்கூட யாரும் தொடவில்லை.

உலகம்மாள் மோட்டாரை நிறுத்தினாள். அவர் கட்டையைத் தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது.

"அப்போ என் பட்டறையில கோளாறே இல்லையா?"

"இல்ல. மூலை இருக்கிற மட்டும் கட்டை ஆடும். ஆடுனப்பல்லாம் நீங்க நிறுத்திட்டீங்க."

அவ்வளவு லேசில் ஒத்துக்கொள்கிற ஆளா அவர்?

"உருண்டையாவே ஒரு கட்டை கிடைச்சிருந்தா எனக்கு இந்தப் பாடு உண்டா?"

பையில் போன் மறுபடியும் அடித்தது.

உலகம்மாள் உளியின் தூசியை முந்தானையால் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "உருண்டையாவே வர்ற கட்டைக்குப் பட்டறை எதுக்கு, அண்ணாச்சி?"

ஆவுடையப்பன் போனை எடுத்துக் காதில் வைத்தார்.