நின்றவரின் நாடி

"டீச்சர், எனக்கு ஓட்டம் பிடிக்கலை" என்றார் வைத்தியர் சங்கரபாண்டியன்.

"எத்தனை நாளா?"

"ஓட ஆரம்பிச்ச நாள்ல இருந்து. மூணு மாசமா."

"பிறகு ஏன் ஓடுறீங்க?"

அவர் சித்த வைத்தியர். வயது ஐம்பது. சர்க்கரை நோயாளிகளின் சீட்டில், சூரணத்துக்குக் கீழே, 'தினமும் ஓடவும்' என்று எழுதுகிறவர்.

ஒரு நாள் ஒரு நோயாளி சீட்டைத் திருப்பி நீட்டினார். "நீங்க ஓடிக் காட்டுங்க வைத்தியரே. அப்புறம் நான் ஓடுறேன்."

அன்று தொடங்கிய ஓட்டம்.

"கசக்குது டீச்சர். நிலவேம்பு குடிச்சு வளர்ந்த நாக்கு இது. அதுக்கே தாங்கலை. நான் வெறுக்கிறதை அடுத்தவனுக்கு எழுதினா அது பொய். பிடிச்சா எழுதுவேன். இல்லைன்னா அந்த வரியை இனி எவன் சீட்டுலயும் எழுத மாட்டேன்."

ஜெபராணி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. வைத்தியரைவிட இருபது வயது இளையவர். காலையில் மைதானத்துக்கு வரும் பெரியவர்களுக்கு ஓடச் சொல்லித் தருவார். கழுத்தில் விசில் தொங்கும். அதை அவர் ஊதி யாரும் கேட்டதில்லை.

"ஒரு மருந்து பலிக்குதான்னு பார்க்க எத்தனை நாள் கொடுப்பீங்க அய்யா?"

"ஒரு மண்டலம். நாற்பத்தெட்டு நாள்."

"எனக்கும் அதைக் கொடுங்க."

ஜெபராணி நூற்றெண்பதிலிருந்து வைத்தியரின் வயதைக் கழித்தார். நூற்று முப்பது வந்தது. துடிப்பை எண்ணும் ஒரு பட்டையை, தோலில் படும் இடத்தை நனைத்து, நெஞ்சில் கட்டச் சொன்னார். மணிக்கட்டில் ஒரு வாட்ச்சை மாட்டினார்.

"நிமிஷத்துக்கு நூத்தி முப்பது துடிப்பைத் தாண்டினா இது கத்தும். கத்தினா நடங்க. இறங்கினா ஓடுங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவும் கஷ்டம்."

முதல் சுற்றில் வாட்ச் பதினோரு முறை கத்தியது.

மூட்டுவலிக்கு அவரிடம் தைலம் வாங்கும் ஆவுடையம்மாள் கைவீசி நடந்து அவரைத் தாண்டினார். "தைலம் அருமையா வேலை செய்யுது வைத்தியரே! உங்களையே முந்திட்டேன் பாருங்க!"

பத்தாம் நாள் வைத்தியர் பட்டையைக் கழற்றி ஜெபராணியின் கையில் வைத்தார்.

"இது பொய் சொல்லுது. நூத்தி அறுபதுங்குது. நான் விரல் வைச்சுப் பார்த்தேன், நூத்திப் பத்துதான். இருபத்தாறு வருஷமா நாடி பிடிக்கிறேன். வாதம் அன்னம் மாதிரி நடக்கும், பித்தம் ஆமை மாதிரி, கபம் தவளை மாதிரி. என் விரலுக்குத் தெரியாததா இந்த ரப்பர் வாருக்குத் தெரியும்?"

(அட்டையும் பாம்பும்கூட அந்தப் பட்டியலில் உண்டு. கோபத்தில் வைத்தியர் விட்டுவிட்டார்.)

ஜெபராணி பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டார். தன் கையை நீட்டினார்.

வைத்தியர் மூன்று விரல்களை வைத்தார். கண்ணை மூடினார். முகம் தெளிந்தது.

"ஐம்பத்தாறு. சுத்தமான அன்னம்."

"விடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஜெபராணி ஓடத் தொடங்கினார்.

விடாமல் வைத்தியரும் ஓடினார். கால் சுற்றுவரை மணிக்கட்டு விரலில் இருந்தது. பிறகு வியர்வை இருந்தது. பிறகு ஒன்றுமில்லை.

"இப்போ எவ்வளவு?"

"நழுவிருச்சு."

"சரி, உங்களோடதைப் பாருங்க."

வைத்தியர் நின்றார். மூச்சு அடங்கக் காத்திருந்தார். மணிக்கட்டில் விரல் வைத்துக் கண்ணை மூடினார்.

"நூத்திப்..."

கண்ணைத் திறந்தார். கீழே குனிந்து தன் கால்களைப் பார்த்தார். அவை அசையாமல் இருந்தன.

ஜெபராணி தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வைத்தியர் குடிக்கவில்லை. பட்டையை வாங்கி, தோலில் படும் இடத்தை நனைத்து, தானே கட்டிக்கொண்டார்.

அதன்பின் அவர் பேசியது குறைவு. வாட்ச் கத்தினால் நடந்தார். ஓய்ந்தால் ஓடினார். ஐப்பசி மழையில் மைதானம் சேறானது. சேற்றிலும் அது கத்தியது, சேற்றிலும் அவர் நடந்தார். ஆவுடையம்மாள் எத்தனை முறை முந்தினோம் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினார். வைத்தியர் கும்பிட்டு வழிவிட்டார்.

இருபதாம் நாள் ஒரு சுற்றுக்கு ஐந்து முறை கத்தியது.

முப்பதாம் நாள் இரண்டு.

முப்பத்தாறாம் நாள், கூடவே ஓடிவந்த ஜெபராணியிடம், கடைத்தெருவில் கடுக்காயைக் கொட்டை நீக்காமல் இடித்து விற்கும் அக்கிரமத்தை விளக்கிக்கொண்டிருந்தார். கொட்டை ஏன் நஞ்சு, கடைக்காரன் என்ன சொன்னான், அதற்கு இவர் என்ன சொன்னார் என்று மூன்று சுற்று போயிற்று.

திடீரென்று மணிக்கட்டைத் தட்டினார். "டீச்சர், பேட்டரி போச்சு."

"போகலை அய்யா."

"சத்தமே இல்லையே?"

"நூத்தி இருபத்தெட்டு. கடைக்காரன் அப்புறம் என்ன சொன்னான்?"

நாற்பத்தெட்டாம் நாள் ஜெபராணி மைதானத்துக்குச் சற்றுத் தாமதமாக வந்தார். வைத்தியர் முன்பே ஓடிக்கொண்டிருந்தார். மழைக்குப் பிறகு முளைத்த புல்லில் மைனாக்கள் மேய்ந்தன. ஒவ்வொரு சுற்றிலும் அவற்றுக்காக அவர் கொஞ்சம் விலகி ஓடினார்.

ஜெபராணி சேர்ந்துகொண்டார்.

"மண்டலம் முடிஞ்சுது அய்யா. அந்த வரியை எழுதுவீங்களா, மாட்டீங்களா?"

வைத்தியர் மைனாக்களுக்காக விலகி ஓடினார். இன்னும் ஒரு சுற்று போனது.

இடுப்புப் பையில் போன் அடித்தது. வைத்தியரின் மனைவி சண்முகவடிவு. பேசுவது பக்கத்தில் ஓடியவருக்கும் கேட்டது.

"எங்கே இருக்கீங்க? மணி எட்டரை. ஆறு பேரு வந்து உட்கார்ந்திருக்காங்க."

"ஆறு பேரையும் மைதானத்துக்கு அனுப்பு" என்றார் வைத்தியர். கால் நிற்கவில்லை.

"மைதானத்துக்கா? அங்கே எதுக்கு?"

"நாடி பார்க்க."