மரகதத்தின் நான்கு விரல்கள்

பூங்கோதை புதுச்சேரியில் ஓர் அச்சுப் பட்டறை வைத்திருந்தாள். பழைய குடும்பப் படங்களைத் துத்தநாகத் தகட்டில் ஏற்றி, அமிலத்தில் அரித்து, மை பூசித் தாளில் எடுக்கச் சொல்லிக்கொடுப்பாள். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. அவளிடம் படிக்க வந்த தணிகாசலத்துக்கு அறுபத்தொன்று. சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர்.

அவரிடம் இருந்தது ஒரே படம். அப்பாவும் அம்மாவும் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, ஓரத்தில் ஒன்பது வயதுத் தணிகாசலம் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவளை மேலிருந்து கீழ்வரை வெட்டி எடுத்திருந்தார்கள். அவர் தோள்மேல் நான்கு விரல்கள் மட்டும் மிச்சம்.

"அக்கா மரகதம்" என்றார். "முகமே மறந்துபோச்சு டீச்சர். இதுலேர்ந்து எப்படிக் கொண்டுவர்றது?"

"முகம் எங்க போச்சு சார்?"

"அப்பா வெட்டிட்டார்."

மரகதம் பத்தொன்பது வயதில் வேறு சாதிக்காரரைக் கட்டிக்கொண்டு திருச்சிக்குப் போனவள். அதன்பிறகு வீட்டுப் படியை மிதிக்கவில்லை. போன வருஷம் இறந்தாள். தணிகாசலம் சாவுக்குப் போகவில்லை. அவள் மகள் ஸ்டெல்லா போன் செய்து, "அம்மா சின்ன வயசுப் படம் ஒண்ணு இருக்கா மாமா?" என்று கேட்டபோது, இல்லை என்று சொல்லி வைத்துவிட்டார்.

பூங்கோதை படத்தை ஒரு முழ அகலத்துக்குப் பெரிதாக்கித் தகட்டில் ஏற்றினாள். தணிகாசலம் மை தடவினார். மெல்லிய துணியால் துடைத்தார். நனைத்த தாளை மேலே வைத்து, அழுத்தும் உருளையைச் சுற்றினார். அப்பா வந்தார். அம்மா வந்தாள். அந்த விரல்களும் வந்தன.

பூங்கோதை வெட்டுக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாவுக்கு ரொம்பக் கோபமோ?"

"பின்னே? மானம் போச்சே."

"கோபத்துல வெட்டினா ஒரே இழுப்பா இழுத்திருப்பாரு. இது நின்னு நின்னு போயிருக்கு. உங்க காதைச் சுத்தி, சட்டை ஓரத்தைச் சுத்தி. உங்களுக்கு ஒரு கீறல் இல்ல."

"அவருக்குக் கை நடுங்கும்."

பூங்கோதை படத்தில் அக்கா இருந்த இடத்தில் ஓர் உருவத்தை வரைந்து நகல் எடுத்தாள். ஒரு கத்தரிக்கோலையும் சேர்த்து அவர்முன் வைத்தாள்.

"அப்பா எப்படி வெட்டினாரோ அப்படி வெட்டிக் காட்டுங்க."

தணிகாசலம் எடுத்தார். கத்தரிக்கோலை அசைக்காமல் தாளைத் திருப்பித் திருப்பி வெட்டினார். நாக்கு நுனி பல்லுக்கிடையில் வந்துவிட்டது. காது வந்ததும் கை தானாக நின்றது, பிறகு வளைந்தது. தோளுக்கு வந்தார். விரல்களை வெட்டினால் தன் சட்டையும் போய்விடும். அவற்றை விட்டுவிட்டுக் கீழே இறங்கினார். பாதியில் கத்தரிக்கோலை வைத்துவிட்டார்.

"எனக்கு அப்போ பதினொரு வயசு" என்றார். "ஸ்கூல்ல எல்லாரும் என்னை ஓடிப்போனவ தம்பின்னு கூப்பிட்டாங்க."

"வெட்டின துண்டு?"

"அடுப்புல போட்டேன்."

"அப்பா?"

"பார்த்தார். ஒண்ணும் சொல்லல. படத்தை எடுத்து மறுபடி ஆணியில மாட்டிட்டுப் போயிட்டார். அம்மா அவர்தான் வெட்டினார்னு நினைச்சா. சாகிற வரைக்கும் அவருக்குச் சோறு போடுவா, முகத்தைப் பார்க்கமாட்டா. அவரும் இல்லைன்னு சொல்லல."

"நீங்க?"

"பக்கத்துலதான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தேன்."

மறுநாள் நல்ல தாளில் ஒரு பிரதி எடுத்தார். ஸ்டெல்லாவிடம் கொண்டுபோகப் போவதாகச் சொன்னார்.

"என்ன சொல்லிக் கொடுப்பீங்க?" என்று பூங்கோதை கேட்டாள்.

"நடந்ததைத்தான்."

நாலாம் நாள் திரும்பி வந்தார். தகடு இருந்த மேஜைப் பக்கம் போகாமல் வாசலிலேயே நின்றார்.

"படத்தை வாங்கிக்கிட்டாளா?"

"வாங்கிக்கிட்டா. அந்த விரலைத் தடவித் தடவிப் பார்த்தா. அம்மா விரல்தான், இந்தச் சுண்டுவிரல் வளைவு எனக்கும் இருக்குன்னு காட்டினா. அப்புறம் யாரு மாமா வெட்டினதுன்னு கேட்டா."

"என்ன சொன்னீங்க?"

"உன் தாத்தாதான்னு சொல்லிட்டேன்."

வெளியே ஒரு ஆட்டோ நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போனது.

"சொல்லணும்னுதான் போனேன் டீச்சர். மாமா மாமான்னு அவ ஓடி ஓடிக் கவனிச்சா. மீன் குழம்பு வச்சா. புள்ளைங்களைக் கூப்பிட்டு, இதுதான் உங்க தாத்தான்னு என் மடியில உட்கார வச்சா. வாய் வரல."

"அவ என்ன சொன்னா?"

"அழுதா. 'தாத்தா அந்தக் காலத்து மனுஷர், அவருக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். நான் அவரை மன்னிச்சிட்டேன் மாமா. அம்மாவும் மன்னிச்சிருப்பாங்க'ன்னா. அவர் பேரைச் சொல்லி மெழுகுவத்தி ஏத்தினா. என் கண்ணு முன்னாடி."

அவர் அங்கேயே, படியில் உட்கார்ந்தார்.

"அம்பது வருஷத்துப் பாரம். அவ மன்னிச்சிட்டேன்னு வாயாரச் சொன்னா. ஏன் டீச்சர் எனக்குக் கொஞ்சங்கூட இறங்கல?"

பூங்கோதை கையில் இருந்த மையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க சொன்ன விலாசத்துக்குத்தானே சார் அந்த மன்னிப்பு போகும்?"