தவசி மாமாவின் எக்ஸ்க்யூஸ் மீ

“வாயில பிறக்கும், வாசல்ல வேலை செய்யும். எவ்வளவு அள்ளிக் கொடுத்தாலும் குறையாது. அது என்ன, மருமகளே?” என்று தவசி மாமா கேட்டார்.

கல்யாண மண்டபத்து வாசலில், பன்னீர் மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்த நாச்சியார் யோசித்தாள். அவள் பதில் சொல்வதற்குள், கீழே சாக்கு விரித்து மாலை கட்டிக்கொண்டிருந்த பூங்காவனம் முந்திக்கொண்டாள்.

“வேற என்ன, உன் புளுகுதான். எத்தனை வருஷமாக் கொடுக்கிறே, ஒரு பிடி குறைஞ்சிருக்கா?”

வாழைமரம் கட்ட ஏணியில் ஏறியிருந்த பந்தல்காரர் சோலைமலை சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது.

மாமா அதைக் காதில் வாங்கவில்லை. “நல்ல வார்த்தைதான் விடை. அதிலும் இங்கிலீஷ் வார்த்தைன்னா அதுக்கு இருக்கிற சக்தியே தனி” என்றார்.

நாச்சியாருக்கு அப்போது தேவைப்பட்டதும் அதுதான். அன்று சாயங்காலம் அக்காவின் கல்யாண வரவேற்பு. மாப்பிள்ளையின் கம்பெனியிலிருந்து ஒரு வெளிநாட்டு அம்மா வருகிறார். வாசலில் நின்று வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளிக்கும் வேலை நாச்சியாருக்கு. வெள்ளிப் பன்னீர்ச் சொம்பை இரண்டு நாளாகப் புளி போட்டுத் தேய்த்து, முகம் தெரிகிற அளவுக்கு வைத்திருந்தாள். ஆனால் மத்தியானம் பெரியம்மா வந்து ஒரு நிபந்தனை போட்டுவிட்டாள்.

“அந்த அம்மா வரும்போது இங்கிலீஷ்ல ஒரு வார்த்தையாவது திக்காமச் சொல்லணும். முழிச்சுக்கிட்டு நின்னே, சொம்பை வாங்கி ஹேமா கையில கொடுத்திருவேன். நீ உள்ளே போய் அப்பளம் வை.”

ஹேமா சித்தி மகள். மாடிப்படியில் பட்டுப்பாவாடையைப் பரப்பி உட்கார்ந்து, சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாமா, ஒரே ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்க. சின்னதா இருந்தாப் போதும்” என்றாள் நாச்சியார்.

“சின்னதுதான் ஆபத்து” என்றார் மாமா. சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். “எக்ஸ்க்யூஸ் மீன்னு ஒண்ணு இருக்கு. வழி கேக்கிற வார்த்தை. மதுரையில அழகர் ஆத்துல இறங்குற அன்னைக்கு நான் கூட்டத்துக்குள்ள மாட்டிக்கிட்டேன். முன்னால போறவன் மூச்சைத்தான் நான் வாங்கி விடுறேன், அப்படி நெரிசல். மெதுவா ஒரு எக்ஸ்க்யூஸ் மீ சொன்னேன். சீப்பு வச்சு வகிடு எடுத்த மாதிரி கூட்டம் ரெண்டாப் பிரிஞ்சுது. சரின்னு நடந்தேன். முன்னால பார்த்தா, ஆத்துத் தண்ணியும் ரெண்டாப் பிரிஞ்சு நிக்குது.”

“கூட்டம் பிரிஞ்சதைக்கூட நம்பிருவேன்” என்றார் சோலைமலை ஏணியிலிருந்து. “வைகையில பிரியிற அளவுக்குத் தண்ணி இருந்துச்சுன்னு சொன்னே பாரு, அதைத்தான் நம்ப முடியலை.”

“அவருக்கென்ன தெரியும், நீ கேளு மருமகளே. அடுத்தது ஸாரி. கப்பல்ல இருந்தப்போ...”

“எந்தக் கப்பல்?” என்றாள் பூங்காவனம். “தூத்துக்குடி துறைமுகத்துல டீதானே ஆத்தினே?”

“கப்பலுக்கு டீ கொடுக்கப் போனேன். நான் இறங்குறதுக்குள்ள அது கிளம்பிருச்சு. டீ அவ்வளவு ருசி, என்னை விட மனசு வரலை. நடுக்கடல்ல, தண்ணிக்குள்ள ஒரு பாறை தெரிஞ்சுதேன்னு காலை வச்சேன். பார்த்தா அது திமிங்கிலத்தோட வாலு. சட்டுன்னு ஸாரி சொன்னேன். அவ்வளவுதான், அதுக்குக் கண்ணுல தண்ணி. அதுவரைக்கும் எத்தனை கப்பல் இடிச்சிருக்கும், ஒருத்தர் ஸாரி சொன்னதில்லையாம். எங்க கப்பலை முதுகுல ஏத்தி லண்டன்ல இறக்கி விட்டுட்டுத்தான் போச்சு.”

“திமிங்கிலத்துக்கு இங்கிலீஷ் புரியுமாக்கும்?” என்றார் சோலைமலை.

“அது இங்கிலாந்துக் கடல் திமிங்கிலம்யா. அதுக்குத் தமிழா தெரியும்?”

சோலைமலை வாழைமரத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். கயிற்றை இழுத்து ஒரு முடிச்சுப் போட்டார்.

நாச்சியார் மனசுக்குள் கணக்குப் பார்த்தாள். ஸாரி சொன்னால் அந்த அம்மா அழுவார். அழுதால் பெரியம்மா திட்டுவாள். ஸாரி வேண்டாம்.

“லண்டன்ல ஒரு பிரபு என்னை விருந்துக்குக் கூப்பிட்டார்” என்று மாமா தொடர்ந்தார். “அவியலைப் பத்தி நான் சொல்லச் சொல்ல, அவங்க வேகவச்ச உருளைக்கிழங்கு வெக்கப்பட்டுத் தட்டுக்கு அடியில போயிருச்சு. அது கிடக்கட்டும். கிளம்புற நேரம். நாம ஒரு வீட்டை விட்டுக் கிளம்பும்போது போறேன்னு சொல்லுவோமா?”

“ஐயோ, சொல்லக் கூடாது” என்றாள் நாச்சியார். “போயிட்டு வர்றேன்னுதான் சொல்லணும்.”

“அதைத்தான் நானும் இங்கிலீஷ்ல சொன்னேன். ஐ வில் கோ அண்ட் கம். அங்கே ஒருத்தன் வர்றேன்னு சொன்னா வருவான்னுதான் அர்த்தம். பிரபு கதவைச் சாத்தாம நின்னார். அவர் சம்சாரம் எனக்குத் தட்டு வச்சிட்டு நின்னாங்க. வேலைக்காரங்க விளக்கைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. பனி உள்ளே கொட்டுது. கடிகாரம் உறைஞ்சு போச்சு. பிரபுவோட மீசை உறைஞ்சு போச்சு. இன்னைக்கு வரைக்கும் அந்தக் கதவைச் சாத்தலை. முன்வாசல் வழியா நுழைஞ்ச குளிரு, கொல்லைப்புறமா வெளியேறி, கடலைத் தாண்டி, நேரா வந்து இறங்குற இடம்தான் நம்ம ஊட்டி.”

பூங்காவனம் நார் கிழிப்பதை நிறுத்திவிட்டாள். “அட பாவி மனுஷா! அந்தச் சனம் பாவம் இல்லையா? ஒரு எட்டுத் திரும்பிப் போயிருக்கலாமே?”

“போனாக் கதவைச் சாத்திருவாங்களே அக்கா. அப்புறம் ஊட்டியில கேரட் எப்படி விளையும்?”

நாச்சியார் மண்டபத்துக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். பெரிய தேக்குக் கதவு. இது ராத்திரி முழுக்கத் திறந்து கிடந்தால் சமையலறைக்குள் நாய் புகுந்துவிடும். கோ அண்ட் கம் வேண்டாம்.

“தேங்க் யூ சொல்லலாமா, மாமா?”

“வேண்டாம். லண்டன்லேர்ந்து விமானத்துல மதுரைக்கு வந்தேன். இறங்கும்போது படிக்கட்டுல நின்னு ஒரு தேங்க் யூ சொன்னேன். விமானம் மனசு இளகிருச்சு. நான் அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறினா, அது பஸ்ஸுக்குப் பின்னாலயே வருது.”

“நம்ம ஊர்ல விமானம் நிக்க இடம் ஏதுய்யா?” என்றார் சோலைமலை.

“இல்லைன்னுதான் பஸ் ஸ்டாண்டுக்கு மேலேயே நின்னுச்சு. அன்னைக்குப் பூரா ஜனங்களுக்கு நல்ல நிழல். ஒரு கீரைக்காரம்மா கூடையை எடுத்துக்கிட்டு வந்து அதுக்குக் கீழேயே கடை போட்டுருச்சு. சாயங்காலம் நான் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பி வச்சேன்.”

தேங்க் யூவும் போயிற்று. அந்த அம்மா தன் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டால் எங்கே படுக்க வைப்பது? வீட்டில் இருப்பதே ஒரு கட்டில்.

அப்போது தெருவில் காரின் ஹாரன் கேட்டது. உள்ளே நாதஸ்வரம் தொடங்கியது. பெரியம்மா புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள். ஹேமா படியிலிருந்து எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

“யாரும் பயப்படாதீங்க” என்றார் தவசி மாமா. “முதல் வார்த்தையை நான் சொல்றேன். வந்தவங்க ஆடிப் போகணும்.”

அவர் போய் இரண்டு வாழைமரத்துக்கும் நடுவே நின்றுகொண்டார். பளபளக்கும் காஞ்சிப் பட்டு உடுத்தி, தலை நிறையப் பூ வைத்து அந்த வெளிநாட்டு அம்மா படியேறி வந்தார். எதிரே நின்று மாமாவைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

மாமா வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. காற்று வந்தது. வார்த்தை வரவில்லை. கும்பிடத் தூக்கிய கைகள் பாதியில் நின்றன. இரண்டு முழங்கைகளும் இரண்டு வாழைமரத்தையும் தொட்டுக்கொண்டிருந்ததால், அந்த வழியாக ஓர் எறும்பும் உள்ளே வர முடியாது. அந்த அம்மா இடது பக்கம் நகர்ந்தார். மாமாவும் அதே பக்கம் சாய்ந்தார். அந்த அம்மா வலது பக்கம் வந்தார். மாமாவும் வந்தார். பின்னால் மாப்பிள்ளை வீட்டார் படி முழுக்க நிறைந்துவிட்டார்கள். கைக்குழந்தை ஒன்று அழத் தொடங்கியது.

“டேய் தவசி!” என்று பெரியம்மா பல்லைக் கடித்தாள். மாமாவுக்குக் கேட்கவில்லை. “ஏதாவது சொல்லு நாச்சி!” என்று சொல்லிக்கொண்டே பெரியம்மாவின் கை சொம்பை நோக்கி நீண்டது. ஹேமாவின் கையும் நீண்டது.

நாச்சியார் சொம்பை மார்போடு அணைத்துக்கொண்டாள். ஸாரி, கோ அண்ட் கம், தேங்க் யூ மூன்றையும் ஒதுக்கினாள். எக்ஸ்க்யூஸ் மீயைத் தேர்ந்தெடுத்தாள். அதைத் திக்காமல், சத்தமாக, மாமாவிடம் சொன்னாள். மாமா சட்டென்று ஒரு பக்கமாக ஒதுங்க, வாசலில் வழி திறந்தது.